எதிர்ப்பக்கத்துக் கேள்வி

நான் மாவு விற்கிறவள். திருவண்ணாமலை டவுன் முடிந்து கலெக்டர் ஆபீஸ் பக்கம் போகும் வழியில், உள்ளே தள்ளி ஒரு தெரு. அதில் என் வீட்டு முன்னறைதான் கடை. சாதாரண நாட்களில் இட்லி மாவு, பௌர்ணமி நாட்களில் இன்னும் ஜாஸ்தி இட்லி மாவு, அவ்வளவுதான் என் வியாபாரம். சபை, ஆட்சி, எல்லை என்றெல்லாம் எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், நான் என் கிரைண்டரைக் காட்டுவேன்.

மற்ற வீடுகளில் கிரைண்டர் தரையில் இருக்கும். என் வீட்டில் அது செங்கல் மேடையில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் என் வீட்டுக்காரர் ஒரு வரிசை செங்கல் கூட்டுவார். அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். கொத்தனார் வேலை எல்லாம் என் புண்ணியத்தில் கற்றுக்கொண்டது. கடைசியில் நான் அரிசி போட ஸ்டூல் மேல் ஏற வேண்டியிருந்தது. மாவு வாங்க வருகிறவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, கும்பிடு போட்டுவிட்டுப் பாத்திரத்தை நீட்டுவார்கள். நானும் மேலிருந்தே ஆசீர்வாதம் செய்வேன்.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் தெருவின் நடுவில் போன எல்லை. தெருவின் கிழக்கு வரிசை டவுன், நாங்கள் இருக்கும் மேற்கு வரிசை ஊராட்சி. கோடு எதுவும் போட்டு வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அது எங்கே போகிறது என்று தெரியும். அந்தப் பக்கம் பாட்டு போட்டுக்கொண்டு பேட்டரி வண்டி குப்பைக்கு வரும். அது எங்கள் வாசலைப் பார்க்காமலே போய்விடும். எங்கள் பக்கம் ஊராட்சி விளக்கு மஞ்சளாக எரியும், அந்தப் பக்கம் வெள்ளை. கல்யாணமாகி கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த புதிதில், எதிர்வீட்டுக்கு நகராட்சித் தேர்தல் நடந்த அன்று நானும் சீவி முடித்துப் பூ வைத்துக்கொண்டு ஓட்டுப் போடக் கிளம்பினேன். உனக்கு இன்றைக்கு இல்லை என்று என் வீட்டுக்காரர் சிரித்ததில் எனக்கு வந்த கோபம் இன்னும் பாக்கி இருக்கிறது.

டவுன் பக்கம் கொஞ்சம் மேடு. அவர்களுக்கு சிமெண்டில் அழகாகக் கால்வாய் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அது மேட்டிலிருந்து இறங்கி வந்து, என் வீட்டுக்கு எதிரில் எங்கள் பக்கமாக லேசாகத் திரும்பி, டவுன் முடிகிற இடத்தில் தானும் முடிந்துவிட்டது. கட்டியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் எல்லை அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் அங்கேயே நின்று யோசிக்குமா? மழை வந்தால் நேராக என் கடைக்குள் வந்துவிடும். அன்றைக்கு அரைத்த மாவெல்லாம் வீண், மறுநாள் வியாபாரமும் கிடையாது.

எதிர்வீட்டில் ஒரு அக்கா இருந்தார், இப்போதும் இருக்கிறார். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். டிரங்க் கால் காலத்தில் ஊர் ஊராகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய குரல்; அவர் வீட்டுக்குள் பருப்பு வேகவில்லை என்று சொன்னால் எங்கள் தெரு முழுக்க அந்தச் செய்தி தெரியும். தினமும் என்னிடம்தான் மாவு வாங்குவார். ஒரு மழைக்கு அடுத்த நாள், கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டு நான் கடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவரும் துடைப்பத்தோடு வந்து சேர்ந்தார். வேண்டாம் அக்கா என்று தடுத்தேன்.

"என் வீட்டுத் தண்ணிதான் உன் கடைக்குள்ள வருது. நான் வராம யார் வருவா?" என்றார்.

அவர் தன் டவுன் ஆபீஸில் போய்க் கேட்டிருக்கிறார். அந்த இடத்துக்கு அப்பால் ஊராட்சி, நாங்கள் தோண்ட முடியாது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சரி, ஊராட்சியிலேயே கேட்கிறேன் என்று எங்கள் கிராம சபைக்கு வந்துவிட்டார். வருஷத்தில் சில குறிப்பிட்ட நாட்களில் ஊராட்சி ஆபீஸ் வாசலில் வேப்ப மரத்தடியில் அது கூடும். ஊராட்சியில் ஓட்டு உள்ளவர் யாராக இருந்தாலும் வந்து உட்காரலாம், கேட்கலாம். அக்கா எழுந்து கால்வாய் என்று ஆரம்பித்ததும் ஊராட்சி கிளார்க், நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார். அக்கா பொய் சொல்லத் தெரியாதவர், கையைக் காட்டினார். உட்கார்ந்து பார்க்கலாம், பேசக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது.

அக்கா உட்கார்ந்தார். எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். என் முதுகில் ஒரு விரல் குத்தியது. "நீ கேளு," என்று காதில் சொன்னார்.

அதுவரை நான் பேரம் பேசுவதற்குத்தான் வாயைத் திறந்திருக்கிறேன். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எழுந்து நின்றதே இல்லை. எழுந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "அக்கா கேக்கறாங்க," என்று ஆரம்பித்துவிட்டேன். சபை சிரித்தது. ஆனால் கேள்வி என் வாயிலிருந்து வந்ததால் கிளார்க்கால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பிரசிடெண்ட் என்னைப் பார்த்து ஆரம்பித்து, அக்காவைப் பார்த்துப் பதிலை முடித்தார். தண்ணீர் டவுனிலிருந்து வருகிறது, மேலே அவர்கள் நிறுத்தினால் கீழே நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்பதுதான் பதில்.

அந்தப் பதில் எத்தனையோ சபைக்கு மாறவில்லை. ஆனால் சபை மாறிக்கொண்டே வந்தது. அக்கா ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொள்வார். அவர் ரகசியம் மரத்தடியில் கடைசியில் கட்டியிருக்கும் ஆட்டுக்கும் கேட்கும். முதலில் அதற்குச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள். பிறகு ஒருமுறை நான் அவசரப்பட்டு எதையோ உளறியபோது, அதே கிளார்க், "பின்னாடி கேட்டுட்டு சொல்லுங்கம்மா," என்றார். அக்காவைப் பார்த்து இன்னும் சிலர் டவுன் பக்கத்திலிருந்து வர ஆரம்பித்தார்கள். பேசக் கூடாதவர்களுக்கென்று பின்னால் ஒரு வரிசையே உண்டாகிவிட்டது. பேச முடியாத குறைக்கு அவர்கள் சுண்டல் கொண்டுவருவார்கள். எந்தச் சட்டத்திலும் அந்த வரிசை கிடையாது. ஆனால் பாய் விரிக்கும்போதே, டவுன்காரர்களுக்கு இடம் விடு என்று பிரசிடெண்ட் சொல்கிற அளவுக்கு அது ஊன்றிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஊராட்சியை டவுனோடு சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஊர் ரெண்டாகப் பிரிந்தது. வீட்டு வரி ஏறும் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களுக்கு. டவுன் ஆகிவிட்டால் அந்த வேலை கிடையாது. அவர்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். என்னிடம் மாவு வாங்குகிறவர்கள்தான் பாதிப் பேர். ஒரு நாள் நானும் போய் அவர்களோடு நின்றேன். வீட்டுக்கு வந்து, சேர்ந்துவிட்டால் கால்வாய் வந்துவிடுமே என்று மனசுக்குள் சந்தோஷமும் பட்டேன். இரண்டுமே உண்மைதான். எனக்கு ரெண்டு மனசு இருந்தது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

கடைசியில் சேர்த்துவிட்டார்கள். அறிவிப்பு வந்த அன்று சாயங்காலம் அக்கா ஒரு கிண்ணம் கேசரியோடு தெருவைக் கடந்து வந்தார். "வாம்மா டவுன்காரி," என்று கூப்பிட்டார். நானும் கொஞ்சம் மிடுக்காகத்தான் கேசரி தின்றேன். ஊராட்சி ஆபீஸ் போர்டுக்கு வெள்ளை அடித்தார்கள். பேட்டரி வண்டி எங்கள் வாசலிலும் நின்று பாட்டுப் பாடியது. என் வீட்டுக்காரர் செங்கல்லை எப்போது இறக்கலாம் என்று கேட்டார். ஒரு மழை பார்த்துவிட்டு இறக்கலாம் என்றேன்.

நல்லவேளை, இறக்கவில்லை. ஆவணியில் ஒரு சாயங்கால மழை பிடித்து ஊற்றியது. தண்ணீருக்கு அரசாணை எதுவும் போய்ச் சேரவில்லை போல. பழைய வழியிலேயே வந்து, மாவுத் தூக்குகளை மிதக்கவிட்டுப் போனது.

மறுநாள் பழைய ஊராட்சி ஆபீஸுக்குப் போனேன். கிளார்க் வேறு ஊராட்சிக்கு மாற்றலாகிவிட்டார். உள்ளே துடைப்பங்களும் குப்பை வண்டிகளும் இருந்தன. அங்கிருந்த மேஸ்திரி நல்ல மனுஷன், டவுன் ஆபீஸில் சொல்லுங்கள் என்றார். போனேன். அவர்களும் நல்லவிதமாகத்தான் கேட்டார்கள். எந்த வார்டு என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பார்த்துச் சொன்னார்கள்: எங்கள் வரிசைக்கு இன்னும் வார்டு பிரிக்கவில்லை, அடுத்த தேர்தலுக்குள் பிரிப்பார்கள், அதுவரை கவுன்சிலர் கிடையாது. பிரசிடெண்ட் பதவி போய்விட்டது, கவுன்சிலர் இன்னும் வரவில்லை. அக்காவுக்கு ஒரு கவுன்சிலர் இருந்தார், எனக்கு யாருமே இல்லை. பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. கடை போனால் பரவாயில்லை, வேறு எங்காவது போட்டுக்கொள்ளலாம். ஆனால் கேட்கிறதுக்கு ஒரு மரத்தடி இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்களே என்றுதான் அழுதேன்.

அக்டோபர் இரண்டு வந்தது. கிராம சபை நாள். எங்கள் ஊரில் கிராமமும் இல்லை, சபையும் இல்லை. ஆனால் அத்தனை வருஷப் பழக்கம். காலையில் கடையைச் சாத்தி, சேலை மாற்றி, பாயைச் சுருட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய் நின்ற பிறகுதான் எனக்கே உறைத்தது. திரும்பிப் போகலாம் என்று பார்த்தால், நூறு நாள் வேலைப் பெண்கள் வருகிறார்கள். பால்காரர் வருகிறார். அவரவர் பாட்டுக்கு வந்து, ஒருவரை ஒருவர் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பழைய பிரசிடெண்டும் வெள்ளை வேட்டி சட்டையில் வந்துவிட்டார். எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார். மேஸ்திரி வெளியே வந்து, யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றோம். அவருக்கும் வேறு வழியில்லை, ஆபீஸ் ஃபேனை ஒயரோடு வெளியே இழுத்து வைத்தார்.

டவுன் வரிசையும் வந்தது, சுண்டலோடு. அக்கா நிலைமையைப் பார்த்தார். பழைய பிரசிடெண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துத் தன் கவுன்சிலரைக் கூப்பிட்டார். இங்கே இவ்வளவு கூட்டம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்றார். அது பொய் இல்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை. கவுன்சிலர் இளவயதுப் பெண். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"இது என் வார்டு இல்லீங்களே. இவங்களுக்கு நான் பதில் சொன்னா தப்பாயிடும்," என்றார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் பாயைச் சுருட்டக் குனிந்தேன். அப்போது அக்கா எழுந்து நின்றார். அத்தனை வருஷத்தில் அந்த மரத்தடியில் அவர் எழுந்து நின்று நான் பார்த்தது முதல் நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"நான் உங்க வார்டுதானே? எனக்குப் பதில் சொல்லுங்க. இவங்க எல்லாம் சும்மா பாக்க வந்தவங்க," என்றார்.

பழைய பிரசிடெண்ட்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கவுன்சிலருக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாது. யாரோ அவருக்குப் பக்கத்தில் போய் டவுன் வரிசையின் கதையைச் சொன்னார்கள். கேட்டுவிட்டு அவரும் சிரித்து, ஸ்கூட்டி சாவியைப் பையில் போட்டார். அது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

நான் அக்காவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அவர் முதுகில் விரலால் குத்தினேன். அக்கா திரும்பிப் பார்த்தார். கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கவுன்சிலரிடம், இவ்வளவு நாளாக இவள்தான் என் வாய், வாயில்லாமல் நான் எப்படிக் கேட்பது, இவளே கேட்கட்டும் என்றார். கவுன்சிலர் தயங்கினார். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

எழுந்தேன். பழக்க தோஷம். "அக்கா கேக்கறாங்க," என்று ஆரம்பித்தேன். "நான் ஒண்ணும் கேக்கல," என்று அக்கா டிரங்க் கால் குரலில் சொன்னார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. யார் பெயரையும் முன்னால் போடாமல் நானே கேட்டேன்: கால்வாய் நின்ற இடத்துக்கு அப்பாலும் இப்போது டவுன்தானே, இனி தோண்டுவதற்கு என்ன தடை? கவுன்சிலர் யோசித்தார். தடை எதுவும் இல்லை, கேட்க ஆள் இல்லாததுதான் தடை என்று ஒத்துக்கொண்டார். அன்றைக்கே தெருவுக்கு வந்து, என் கிரைண்டர் மேடையை அண்ணாந்து பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

நூறு நாள் வேலைப் பெண்களும் கேட்டார்கள். அவர்களுக்கு அன்றைக்குப் பதில் கிடைக்கவில்லை. இன்றுவரை சரியான பதில் இல்லை. அதை எழுதாமல் விட்டால் நான் கால்வாய் கிடைத்த திமிரில் எழுதுகிறேன் என்று ஆகிவிடும்.

கோடையில் கால்வாய் வந்தது. எல்லை இருந்த இடத்தை உடைத்து, என் வாசல் வழியாக, எங்கள் வரிசை முழுக்க ஓடி, தெருவுக்கு அப்பால் போனது. எல்லையை மாற்றியது மேலே இருக்கிறவர்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாற்றின எல்லைக்குள் நாங்கள் பழைய பாயை விரித்து உட்காராமல் இருந்திருந்தால் அது வெறும் போர்டு மாற்றமாகவே இருந்திருக்கும். இப்போது சபை நாட்களில் டவுன் ஆபீஸிலிருந்தே ஆட்டோவில் மைக் கட்டி எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். ஏதோ அவர்களே கண்டுபிடித்த மாதிரிதான் கூப்பிடுகிறார்கள். நாங்களும் கண்டுகொள்வதில்லை.

அந்த வருஷ ஆவணி மழைக்கு என் கடைக்குள் ஒரு சொட்டு வரவில்லை. வாசலில் நின்று தண்ணீர் சலசலவென்று கால்வாயில் ஓடுவதைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மேடையை இடித்துக் கிரைண்டரைத் தரைக்கு இறக்கினார். செங்கல்லைச் சுவரோரம் அடுக்கினார். வாடிக்கைக்காரர்கள் சாமி மலையிறங்கி விட்டது என்றார்கள்.

அடுத்த அக்டோபர் இரண்டுக்கு மரத்தடியில் நல்ல கூட்டம். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் அக்கா. பின்னால் யாரும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இப்போது எல்லோரும் ஒரே பக்கம். கால்வாய்க்கு நன்றி சொல்ல நான் மனசுக்குள் வார்த்தை கூட்டிக்கொண்டிருந்தேன். அப்போது என் முதுகில் ஒரு விரல் குத்தியது.

திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியாத பெண். கைக்குழந்தையோடு, பாயில் உட்காராமல் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு அடுத்த ஊராட்சிக்காரி, எங்கள் வரிசை முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் வீடு. இங்கே பேச உரிமை இல்லை என்று அவளே முதலில் சொல்லிக்கொண்டாள்.

"உங்க புதுக் கால்வா எங்க வாசலோட நின்னுபோச்சுங்க. தண்ணியெல்லாம் வீட்டுக்குள்ள வருது. கொஞ்சம் கேளுங்களேன்," என்று காதோரம் சொன்னாள்.

நான் ரசித்துப் பார்த்த அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று ஒரு நாளும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார். சுண்டல் கிண்ணத்தை அவளிடம் தள்ளி வைத்தார். முதலில் உன் கிரைண்டரையோ அரிசி மூட்டையையோ மேலே ஏற்று, என் வீட்டில் செங்கல் இருக்கிறது, எடுத்துப் போ என்று அவளிடம் சொல்லிவிட்டு நான் எழுந்தேன்.

கேட்டேன். கவுன்சிலர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அந்தம்மா எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"அவங்க எந்தப் பக்கமா இருந்தா என்னாங்க. அது என் வீட்டுத் தண்ணி. நான்தான் கேக்கறேன்," என்றேன்.